நேற்றுப் பலகை

தோட்டத்துத் தொட்டியில் பிள்ளைகள் குளிப்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் முகம் மலரும். எனக்கு அப்படி இல்லை. பஸ்ஸில் போகும்போது அப்படி ஒரு தொட்டி கண்ணில் பட்டால், தண்ணீர் விழும் குழாயை யாராவது பிடித்திருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன். பார்த்து முடிப்பதற்குள் பஸ் கடந்துவிடும். அடுத்த ஊர் வரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். என் மனைவி இப்போதெல்லாம் என்னை ஜன்னலோரம் உட்காரவிடுவதில்லை.

ஆனால் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை எழுதுவது என்னவோ நன்றியைத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கணபதி பகுதியில் ஒரு சிறிய பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் மோட்டார் பம்புகள்தான் எங்கள் சரக்கு. லேத், செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங், அசெம்பிளி, பெயின்ட், பேக்கிங் என்று மொத்தம் நாற்பது பேர். டிப்ளமோ படித்தவன் என்பதால் எனக்குச் சோதனை மேசை. தயாரான மோட்டாரை ஓட்டிப் பார்த்து, பிறகு மெகர் வைத்து மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். மெகர் என்பது கைப்பிடி வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் முள் நகரும். முள் ஏறி நின்றால் நல்லது. பூஜ்யத்தில் படுத்துவிட்டால் மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம். நல்ல மோட்டாருக்கு ஓர் அட்டைச் சீட்டில் 'சோதித்தது' என்று ஊதா முத்திரை குத்துவேன். பேக்கிங் ஆட்கள் அதைச் சணல் கயிற்றால் மோட்டாரில் கட்டி அனுப்புவார்கள்.

பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்ததால், எனக்குத் தப்பு வராது என்று ஒரு நினைப்பு என்னையறியாமல் வளர்ந்திருந்தது.

கவலை மட்டும் நிறைய இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. மூச்சிரைப்பு உண்டு. காற்று கொஞ்சம் மாறினால் போதும், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். தினமும் பன்னிரண்டரை மணிக்கு ஆபீஸ் போனிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வேன். பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருப்பவளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அவள் பேசமாட்டாள். "கேட்டுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு ரிசீவரில் ஒரு முறை மூச்சை இழுத்து ஊதிக் காட்டுவாள். விசில் இல்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அசெம்பிளியில் ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். யாரையும் விட்டுவைக்காத வாய். நான் போனை வைத்துவிட்டு வந்தால், "ஏனுங்க, மாநிலச் செய்திகள் கேட்டாச்சுங்களா? இன்னைக்கு மழை உண்டுங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அந்தக் கம்பெனிக்கு மேனேஜராக முதலாளியின் சின்ன மருமகள் வந்தார். இன்ஜினீயரிங் படித்தவர். முப்பது வயது இருக்கும். முதல் நாள் எங்களையெல்லாம் வாசலில் நிற்க வைத்து, மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏறி, எழுதி எடுத்து வந்ததைப் படித்தார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம், இது வெறும் வேலை செய்யும் இடமல்ல என்ற மாதிரி இரண்டு பக்கம். படித்து முடித்ததும் ஃபிட்டர் கையைத் தூக்கினார்.

"குடும்பம்னு சொல்லிட்டீங்க அம்மணி. அப்ப நோம்பிக்குத் துணி எடுத்துக் குடுப்பீங்களா?"

வாசலே சிரித்தது. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவரும் சிரித்துவிட்டார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கி உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் இன்னொரு முறை பேச்சு என்று எதையும் பேசி நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை டீ கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த பலகை ஒன்று தொங்கியது. மேலே 'நேற்று' என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்தில் ஒரே வரி: "நேற்று நான் ஒரு பேச்சு எழுதிக்கொண்டு வந்து படித்தேன். தேவையில்லாத வேலை."

அவர் சொன்ன விதி சிறியது. நேற்று தான் செய்த தப்பை யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் எழுதலாம். பெயர் வேண்டாம். தன்னுடையதை மட்டுமே எழுத வேண்டும். எழுதியதற்காகத் தண்டனை கிடையாது. மறுநாள் காலை அவரே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். எந்த நோட்டிலும் ஏறாது.

"சர்ச்சுல இதுக்குக் கூண்டு வெச்சிருக்காங்க. நம்ம கம்பெனியில பலகை" என்றார் ஃபிட்டர். அன்றிலிருந்து எங்களுக்குள் அது பாவமன்னிப்புப் பலகை ஆயிற்று.

இரண்டு வாரம் மேனேஜரைத் தவிர யாரும் எழுதவில்லை. அவர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். பெயின்ட்டைத் தாமதமாக ஆர்டர் போட்டேன். ஒருவர் லீவு கேட்டதை மறந்துபோனேன். ஒரு நாள், "வைண்டிங் பிரிவில் ஓர் அக்காவிடம் குரலை உயர்த்தினேன். அவர் சொன்னதே சரி" என்று இருந்தது. அந்த அக்கா இருபது வருடமாகக் கம்பி சுற்றியவர். வாசித்துவிட்டுப் போய் வேலையில் உட்கார்ந்தார். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னிடம், "என்ர மாமியாகிட்ட இதச் சொன்னா நம்பமாட்டாங்க. எழுதிக் குடுங்கண்ணா, கொண்டுபோய்க் காட்டறேன்" என்றார். மறுநாளிலிருந்து பலகையைப் படிப்பதற்காகவே பத்து நிமிடம் முன்னதாக வர ஆரம்பித்தார்.

பிறகு மெல்ல மற்றவர்களும் எழுதினார்கள். ஒழுங்காக எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன். ஸ்டோர்காரர், "பெயின்ட் பிரிவில் தின்னரைக் கொட்டியதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று எழுதி அடுத்தவரைக் காட்டிக்கொடுத்தார். யாரோ, "நேற்று வீட்டில் பேச்சைக் கேட்டு வாழைக்காய் வாங்கினேன்" என்று எழுதினார்கள். லேத்தில் இருந்த டர்னர் ஒருவர், "வேலையையும் வாங்கிக்கிட்டு, தப்பையும் கேட்டு வாங்கிக்கறாங்களா?" என்று சொல்லி, கடைசிவரை சாக்பீஸைத் தொடாமலே வேறு கம்பெனிக்குப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சில விஷயங்கள் மாறின. முன்பெல்லாம் ஒரு வார்ப்பு கெட்டுப்போனால் பழைய இரும்புக் குவியலின் அடியில் செருகிவிடுவார்கள். இப்போது அதை எடுத்து வந்து மேசைமேல் வைத்து, "இது போச்சுங்க மேடம்" என்றார்கள். ஒரு நாள் பெரியவர் வந்து பார்த்து மிரண்டுவிட்டார். பெரியவர் என்றால் முதலாளி, மேனேஜரின் மாமனார்.

"ஏனம்மா, தப்பு முன்னவிட எச்சாயிருச்சா?"

"இல்லீங்க மாமா. இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது."

நானும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். "நேற்று விளக்கை அணைக்காமல் போய்விட்டேன்." "நேற்று ஐந்து நிமிடம் தாமதம்." எல்லாம் சட்டை கசங்காத தப்புகள்.

நான் செய்துகொண்டிருந்த உண்மையான தப்பு எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. மின்விசிறிக் காற்றில் முத்திரை மை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், காலையில் மை ஈரமாக இருக்கும்போதே அன்றைக்கு வேண்டிய சீட்டுகளுக்கெல்லாம் மொத்தமாக முத்திரை குத்தி அடுக்கிவிடுவேன். ஒரு மோட்டாரைச் சோதித்து ரிஜிஸ்டரில் அளவை எழுதியதும் ஒரு சீட்டை எடுத்து அதன்மேல் வைப்பேன். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். பன்னிரண்டு வருடத்தில் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அது கோடை விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு மோட்டார்கள் சத்தியமங்கலத்துக் கடை ஒன்றுக்குப் போகவேண்டும். அந்த வாரம் வந்த செம்புக் கம்பியில் மேல்பூச்சு சரியில்லை. முந்தின நாள் இரண்டு மோட்டாரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அன்று பதினொன்றைச் சோதித்து முடித்தபோது மேனேஜரே ஓடி வந்தார்.

"அண்ணா, வீட்டுல இருந்து போன். பாப்பாவுக்கு மூச்சு முட்டுதாம். ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். நீங்க மொதல்ல கிளம்புங்க, வேன் நிக்குது."

"மேடம், லோடு..."

"அதெல்லாம் பாத்துக்கலாம். போங்கண்ணா."

போனேன். மூன்று நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் கவசம் வைத்து மருந்தைப் புகையாக உள்ளே விட்டார்கள். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. அந்த மூன்று நாளில் கம்பெனி என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகமில்லை. வைண்டிங் அக்கா ரசம் கொண்டுவந்து கொடுத்தார். ஃபிட்டர் வந்து வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, ஆரஞ்சுப் பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். வியாழன் சாயங்காலம் மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே கம்பெனிக்குப் போய்விட்டேன். ரிஜிஸ்டரைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் பதினொரு அளவுகள். பன்னிரண்டாவது எண்ணுக்கு எதிரே வெற்றிடம். சீட்டுகளைத் தேடினேன். ஒன்றும் மீதியில்லை. அன்று என் மேசைமேல் முத்திரையோடு சீட்டு இருந்தது, மோட்டாரும் இருந்தது, பேக்கிங் ஆட்கள் கட்டி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். முத்திரையைப் பார்த்துக் கட்டுவதுதான் அவர்கள் வேலை.

பன்னிரண்டாவது மோட்டாரைச் சோதிக்கவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே கம்பி. அந்த வெற்றிடத்தில் ஓர் அளவை எழுதிவிட்டால் முடிந்தது. பேனாவைக்கூடத் திறந்தேன்.

எழுதவில்லை. அதற்காக என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டாம். எட்டு மணிக்கு எல்லோரும் பலகை முன் கூடியபோது நான் சாக்பீஸை எடுத்து எழுதினேன்: "முறையாக எழுதிக் கொடுக்காமல் மூன்று நாள் லீவு எடுத்தேன்."

அது பொய்யல்ல. மேனேஜர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு தப்பாங்கண்ணா? பாப்பா எப்படி இருக்கறா?" என்றார்.

"பரவாயில்லீங்க மேடம்."

"சாப்பிடறாளா?"

"இட்லி சாப்பிட்டாளுங்க."

நல்லது என்று தோளைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். அன்று காலை முழுவதும் நான் மோட்டார்களைச் சோதித்தேன். ஒவ்வொரு முறை முள் ஏறும்போதும் பன்னிரண்டாவதும் இப்படித்தான் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை போய்விட்டால் மகளுக்கு மருந்து எப்படி வாங்குவது என்றும் நினைத்தேன். தண்டனை கிடையாது என்ற விதி, விளக்கை அணைக்காததற்குப் பொருந்தும். இதற்குப் பொருந்துமா?

பன்னிரண்டரைக்குப் போன் செய்தேன். மகள் வந்தாள். "கேட்டுக்கங்கப்பா" என்றாள். மூச்சை இழுத்து ஊதினாள். விசில் இல்லை. சுத்தமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு நேராகப் பலகைக்குப் போனேன். எல்லோரும் தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுதியதைக் கையாலேயே அழித்தேன். அதன்மேல் எழுதினேன்: "செவ்வாய்க்கிழமை சத்திக்குப் போன பன்னிரண்டு மோட்டாரில் ஒன்றை நான் சோதிக்கவில்லை. முத்திரை முன்பே குத்தியிருந்தேன்." கீழே என் பெயரையும் எழுதினேன். பெயர் வேண்டாம் என்பது விதி. எனக்கு அந்த நேரத்தில் விதி ஞாபகமில்லை.

முதலில் படித்தவர் வைண்டிங் அக்கா. "ஐயோ, அந்தக் கம்பியா?" என்றார், மெதுவாக.

மேனேஜர் வந்து படித்தார். அறைக்குள் போய்ச் சத்தியமங்கலத்துக் கடைக்குப் போன் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரம்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "வேனுல ஒரு புது மோட்டாரை ஏத்துங்க. மெகர் எடுத்துக்கங்கண்ணா. யாராச்சும் ஒரு ஃபிட்டர் வேணும்."

"நான் வாரேனுங்க அம்மணி" என்றார் நம் ஃபிட்டர். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

சத்தி ரோட்டில் அன்னூர், புளியம்பட்டி என்று வேன் போனது. இரண்டு மணி நேரத்தில் ஃபிட்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கடைக்காரர் தூங்கி எழுந்த முகத்தோடு கணக்கைப் புரட்டி எண்ணைத் தேடினார். அந்த மோட்டார் புதன்கிழமையே விற்றுவிட்டது. ஊருக்கு வெளியே ஆற்றோரப் பக்கம் ஒரு தோட்டம். வழி சொன்னார்.

வரப்பில் வேன் நின்றபோதே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் நாலைந்து பிள்ளைகள். நான் எதையும் சொல்லாமல் ஓடி, மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரை நிறுத்தினேன். தண்ணீர் நின்றதும் தொட்டியிலிருந்து கூச்சல்.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்தறீங்க? இப்பத்தான் மறுக்கா என்ர முறை வந்துச்சு."

ஒரு சிறுமி. ஒன்பது வயது இருக்கும். ஈரப் பாவாடையோடு தொட்டிச் சுவரில் உட்கார்ந்து இரும்புக் குழாயை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"என்ன முறை, கண்ணு?" என்று ஃபிட்டர் கேட்டார்.

"இந்தப் பைப்பப் புடிச்சா கூசுமுங்க. புது மோட்டாரு. எத்தன எண்ணற வரைக்கும் உடாமப் புடிக்கறோம்னு பந்தயம். நான் இருவது வரைக்கும் புடிச்சேன். அவன் எட்டுலயே உட்டுட்டான்."

மோட்டாரின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து மெகரை வைத்துச் சுற்றினேன். முள் ஒரு நூல் அசைந்து பூஜ்யத்திலேயே படுத்தது. மறுபடி சுற்றினேன். மேனேஜர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிழல் பெட்டியின் மேல் விழுந்திருந்தது.

தோட்டக்காரர் வந்தார். மேனேஜர் எழுந்து நின்று, "எங்க தப்புங்க. சோதிக்காம அனுப்பிட்டோம். வேற மோட்டாரு கொண்டாந்திருக்கறோம்" என்றார்.

"அதானுங்களா? காலைல தொட்டப்ப வெரலு சுருசுருங்குச்சு. புது மோட்டாருன்னா இப்பிடித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுப்போட்டேன். பத்து மணிக்குக் கரண்ட் வந்ததுல இருந்து இந்தப் பொடுசுக தொட்டியிலதான் கெடக்குதுக." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தார். என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "எல்லாம் மேல ஏறுங்க. ஏறுங்கன்னா ஏறுங்க" என்று பிள்ளைகளை விரட்டினார். பிறகு திரும்பி, "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுப் பொடுசு குளிக்கற எடம்னா இப்பிடிச் சோதிக்காம அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டோமுங்க" என்றார் அவர்.

"நான்தானுங்க சோதிக்காதது" என்றேன். மகளின் மூச்சைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. அந்தச் சிறுமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை.

எட்டு மணி. பன்னிரண்டரை. அந்த நாலரை மணி நேரம் எனக்கு இன்னும் கழியவில்லை. காலை எட்டு மணிக்கு நான் சரியான வரியை எழுதியிருந்தால், கரண்ட் வந்த கொஞ்ச நேரத்திலேயே நாங்கள் அங்கே இருந்திருப்போம்.

ஃபிட்டர் பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். நான் இரண்டு முறை சோதித்தேன். மேனேஜர் தன் கையாலும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். எர்த் கம்பி புதைத்திருந்த இடத்தில் மண் காய்ந்து கிடந்ததைக் கண்டு ஃபிட்டர் அதையும் தோண்டி நனைத்துச் சரிசெய்தார். ஓட்டியதும் தண்ணீர் விழுந்தது. தோட்டக்காரர் தடுப்பதற்குள் அந்தச் சிறுமி ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வாடிவிட்டது.

"இதுல ஒண்ணுமே இல்லீங்க. பழசுதான் நல்லா இருந்துச்சு."

ஃபிட்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வேனுக்குப் பின்னால் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது புளியம்பட்டி தாண்டி வேனை நிறுத்தச் சொல்லி மேனேஜர் இறங்கினார். புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், "நீங்க காலைல சீட்டு மொத்தத்துக்கும் முத்திரை குத்தறத நானும் பாத்திருக்கறேன்ணா. வேலை வேகமா ஆகுதுன்னு நெனச்சேன்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன மாதிரி இல்லை. தனக்குத் தானே சொன்ன மாதிரி இருந்தது.

கம்பெனி வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பலகையைப் படித்திருந்தார்.

"இதையெல்லாம் ஊரு பாக்கற மாதிரி எழுதி வெப்பீங்களா? இத்தன வருசத்துல நம்ம மோட்டாரு ஒண்ணு இப்பிடிப் போனதில்ல. இவர நாளையில இருந்து வரவேண்டாம்னு சொல்லிரும்மா."

"எழுதினா தண்டனை இல்லைன்னு நான் சொல்லியிருக்கேனுங்க மாமா."

"அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"இல்லீங்க."

பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி, "இத்தன வருசத்துல ஒண்ணு போனதில்லைங்கறேன்" என்றார் மறுபடியும்.

ஃபிட்டர் பழைய மோட்டாரை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "போனதில்லைன்னு நமக்கு எப்பிடீங்க தெரியும்? இன்னைக்குத்தானுங்களே ஒருத்தர் சொல்லியிருக்கறாரு" என்றார்.

பெரியவர் அவரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போனார். அவர் கோபம் தணியப் பல மாதங்கள் ஆயின. ஆனால் என் வேலை போகவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது என் வரி பலகையில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே மேனேஜரின் கையெழுத்து: "அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது சரி. அவர் மேசையை யார் பார்ப்பது என்று கேட்காதது என் தப்பு." அதற்கும் கீழே, பேக்கிங்கில் யாரோ கோணல்மாணலாக, "ரிஜிஸ்டரப் பாக்காம சீட்டுக் கட்டினேன்" என்று எழுதியிருந்தார்கள். வேறு யாரும் எழுதவில்லை. வைண்டிங் அக்கா மட்டும் அந்தச் செம்புக் கம்பிச் சுருள் முழுவதையும் தனியாகக் கட்டி வைத்து, அதன்மேல் உட்காராத குறையாகக் காவல் இருந்தார்.

எட்டு மணிக்கு மேனேஜர் ஈரத்துணியோடு வந்தார்.

"மேடம், என்னுது கொஞ்ச நாள் இருக்கட்டுமுங்க" என்றேன். அது அங்கேயே இருக்க வேண்டும், தினமும் நான் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"வேண்டாங்கண்ணா. எல்லாருக்கும் ஒரே விதிதான்." துணியை என்னிடமே நீட்டினார். "நீங்களே துடைங்க."

துடைத்தேன். என் பெயர்தான் கடைசியாகப் போனது. எவ்வளவோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். அந்த ஈரத்துணியைக் கொடுத்த மாதிரி எனக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. நான் செய்ததை அவர் சின்னதாக்கவில்லை. அதை வைத்து என்னைச் சின்னதாக்கவும் விடவில்லை.

மேசைக்குப் போனால் முத்திரையைக் காணோம். தேடினேன். அசெம்பிளியில் ஃபிட்டர் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"இங்கதான் இருக்குது. மொதல்ல முள்ளக் காட்டுங்க. பொறகு முத்திரை."

"நீங்க வேலையப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் வந்துட்டுப் போவீங்களா?"

"வருவேன். எனக்கு நடை நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கறாரு."

உண்மையிலேயே வந்தார். அன்றும், அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும், ஒவ்வொரு மோட்டாருக்கும் எழுந்து வந்து, முள் ஏறுவதைப் பார்த்து, ரிஜிஸ்டரில் நான் எழுதுவதைப் பார்த்து, அதன் பிறகே பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தார். குத்தியதும் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் சட்டைகள் எல்லாவற்றிலும் நெஞ்சுப் பக்கம் ஊதா வட்டம் விழுந்துவிட்டது. அவர் வீட்டில் அதற்குத் திட்டு வாங்கியதாகக் கேள்வி. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு நான் போனை எடுத்தேன். மகள் வந்தாள். "கேட்டுக்கங்கப்பா" என்றாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ரிசீவரை வாங்கியது. ஃபிட்டர். கண்ணை மூடிக்கொண்டு காதில் வைத்தார்.

"அப்பா இல்ல கண்ணு, நான் அப்பாகூட வேலை செய்யற மாமன். எங்க, இன்னொருக்கா நல்லா ஊது."

கேட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"முள்ளு நல்லா ஏறுதுங்க" என்றார்.